சும்மா குந்துற சங்கம்

சும்மா இருப்பதற்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமா என்றுதான் நான் முதலில் கேட்டேன். நெல் அவிக்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், இடம்பெயர்ந்து திரும்பி வந்த வீட்டின் ஓட்டைக் கூரைக்குக் கிடுகு தேட வேண்டும். இதற்கிடையில் ஊரின் பாலர் பாடசாலையில் ஒரு மிஸ் பெண்களைக் கூட்டிவைத்து, கண்ணை மூடி மூச்சைப் பார்க்கச் சொல்லப் போகிறாராம். மூச்சில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அது என்ன கப்பலா என்று தங்கச்சியிடம் எரிந்து விழுந்தேன்.

"பாக்காமத்தானே அதைத் தொலைச்சிட்டு இரிக்காய்" என்றாள் தங்கச்சி.

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

என் மூச்சு தொலைந்த கதையைச் சொல்வதற்கு முன் குரவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் நல்ல காரியம் எதுவும் குரவை இல்லாமல் நடக்காது. நாக்கைச் சுழற்றிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பெண்கள் எழுப்புகிற ஒலி அது. பெண் பிள்ளை பெரியவளானால் குரவை. தாலி ஏறினால் குரவை. அம்மன் கோயிலில் மணி அடித்துத் திரை விலகினால் குரவை. துக்க வீட்டில் மட்டும் அதற்கு இடமில்லை. ஒருத்தி தொடங்க வேண்டும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் தொடங்குகிறவர் எங்கள் அம்மா. அம்மாவின் குரவை வாவியைத் தாண்டி அக்கரைக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். அக்கரையிலிருந்து யாரும் வந்து சாட்சி சொன்னதில்லை. ஆனாலும் ஊரில் ஒருவரும் அதை மறுத்ததில்லை.

அம்மாவுக்குப் பிறகு அந்தக் குரவை எனக்குத்தான் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஊர் தீர்மானித்துவிட்டது. எனக்கும் அதில் பெருமை உண்டு. பாடத் தெரியாது, சமையலும் சுமார்தான், வாய் மட்டும் நீளம் என்று பெயரெடுத்த எனக்கு, அந்த நீள வாயால் ஆன ஒரே நல்ல காரியம் அது.

சண்டைக் காலத்தில் ஊரோடு பெயர்ந்து போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோம். அங்கேதான் காய்ச்சலில் அம்மா போய்ச் சேர்ந்தார். விடிந்து வெளிச்சம் வந்துவிட்ட நேரம். என் மடியில் தலை இருந்தது. வெளியே வீதியால் துப்பாக்கிகளோடு ஆமி வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்கப் பிள்ளைகுட்டிகளோடு சனம். நான் அழுவதற்கு வாயைத் திறந்தேன். பக்கத்து வளவு மாமி, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட மச்சாள், தன் கையால் என் வாயை இறுகப் பொத்திவிட்டார். அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. எடுத்தபோது அழுகை உள்ளே போய்விட்டிருந்தது. மூச்சிலும் பாதி அதோடு போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அது தெரிந்தது. எங்கேயாவது ஒரு வெடிச் சத்தம் கேட்டால், நாலு பேர் கூடி நின்றால், யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால், உள்ளே போகிற மூச்சு பாதி வழியில் நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிற நுரையீரலை வைத்துக்கொண்டு நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சொந்தக்காரப் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குரவையிட வாயைத் திறந்தேன். கண் இருட்டிக்கொண்டு பலகாரத் தட்டின் மேல் விழுந்தேன். அதன் பிறகு ஒரு வருடம் ஊரில் பயற்றம் பணியாரம் பரிமாறும் இடமெல்லாம் என் கதைதான்.

மண்டபத்தில் என் வாயைப் பொத்திய நாள் முதல் மாமியோடு நான் கதைப்பதில்லை. வேலிக்கு மேலால் கருவேப்பிலை கேட்டால் கொடுப்பேன். முகம் பார்க்க மாட்டேன்.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை அக்கரையில், பெரியகல்லாற்றில். காத்தான்குடிக் கடையில் வாங்கிய கூறைச்சேலை பூச்சி உருண்டை போட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. ஆனால் தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள்.

"அம்மாட குரவை இல்லாம நான் மணவறையில குந்தமாட்டன். அம்மா இல்ல. அப்ப நீதான் போடணும்."

"வேற ஆரும் போடட்டும் புள்ள. ஊரில வாயா இல்ல?"

"வாய் இரிக்கு. அம்மாட வாய் ஒன்னட்டத்தான் இரிக்கு."

மாப்பிள்ளை வீட்டார் ஒரு தரம் நாளை மாற்றினார்கள். இன்னொரு தரம் மாற்றினார்கள். அக்கரை ஆமியின் கையில், எங்கள் கரை, படுவான்கரை, இயக்கத்தின் கையில். ஒவ்வொரு தரமும் கடந்து வருவதற்குப் பாஸ் எடுக்க அலைய வேண்டும். மூன்றாம் தரம் அவர்களுடைய பொறுமை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். என் பாதி மூச்சில் அவளுடைய கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது. என் புருஷன் வெளிநாட்டில் சாரதி. அவர் இருந்திருந்தால் அவளுக்கு இரண்டு அதட்டல் போட்டிருப்பார். என் அதட்டலுக்கு அவள் பயப்படுவதில்லை. ஆகவே, மூச்சைப் பார்க்கப் போனேன்.

மிஸ் மட்டக்களப்பு நகரத்திலிருந்து வருகிறவர். மனம் நொந்தவர்களோடு வேலை செய்கிற ஒரு நிலையத்தில் இருந்தார். அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னது இதுதான்: பிற்பகல் வாருங்கள், அமைதியாக இருப்போம், நான் மணி அடித்ததும் தொடங்குவோம். பெண்களின் காதில் விழுந்தது வேறு. மணி அடிப்பார்களாம், கண்மூட வேண்டுமாம், மனம் ஆறுமாம். பூசை என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் நாள் எல்லோரும் தலைக்குத் தோய்ந்து, மஞ்சள் பூசி, வெற்றிலைத் தட்டோடு வந்திருந்தார்கள். ஒருத்தி பொங்கல் பானையோடு வந்தாள். மாமி காலையிலிருந்து விரதம். கற்பூரத்தை எங்கே கொளுத்துவது என்று மிஸ்ஸிடம் கேட்டார்கள். மிஸ் பாவம், எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் தட்டுகளை ஓர் ஓரமாக அடுக்கி வைத்தார்.

பாதிக் கூரை போன கட்டடம் அது. பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பன்பாய்களை வட்டமாக விரித்துக் குந்தினோம். கண்களை மூடச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்து அடித்தார்.

மணி அடித்தால் எங்கள் பெண்களுக்கு என்ன வரும்? அத்தனை பேரும் சேர்ந்து குரவையிட்டார்கள்.

மிஸ்ஸின் கையிலிருந்து மணி விழுந்துவிட்டது. நாய்கள் குரைத்தன. வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்து வாசலில் நின்றார்கள்.

"ஆர்ர புள்ள பெரியாளாகியிரிக்கு?"

"ஒருத்தரும் ஆகல்ல. நாங்க சும்மா குந்தியிரிக்கம்" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே.

"சும்மா குந்துறதுக்கு ஒரு சங்கமா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போனார்கள். அன்றோடு எங்களுக்குப் பெயர் விழுந்துவிட்டது. மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி மணி அடித்தால் குரவை போடக் கூடாது, மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் சம்மதித்தார்கள். ஆனால் பழக்கம் லேசில் விடுமா? அடுத்தடுத்த நாட்களில் மணி அடித்ததும் ஒவ்வொருத்தியாகக் குரவையை விழுங்குவதை நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறேன். தொண்டை ஏறி இறங்கும். அவர்களுக்கு விழுங்குவதற்காவது ஒரு குரவை இருந்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. மூச்சு வருகிறதா, வருகிறது என்று தெரிந்துகொண்டு இருக்க வேண்டும். போகிறதா, போகிறது என்று தெரிந்துகொண்டு இருக்க வேண்டும். மனம் எங்கேயாவது ஓடினால், ஓடிவிட்டது என்று கண்டு திரும்பி வந்தால் போதும். திட்டக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இவ்வளவுதானே, இதற்கு ஏன் கூட்டம் என்று வீட்டில் தனியாகச் செய்து பார்த்தேன். கண்ணை மூடினால் பள்ளிக்கூட மண்டபம். மூச்சு பாதியில் நின்றது. இன்னொரு நாள் பார்த்தேன். மறுபடியும் அதே மண்டபம், அதே கை. தனியாக இருந்தால் என் மனம் ஒரே இடத்துக்குத்தான் போகும். போன இடத்திலிருந்து திரும்பி வா என்று கூப்பிடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

பாலர் பாடசாலையில் அப்படியில்லை. மண்டபத்துக்குள் போய்விட்டேன் என்று வையுங்கள், யாராவது இருமுவார்கள். பாய் சரசரக்கும். ஒருத்தியின் வயிறு கடமுடா என்று சத்தம் போடும். இதெல்லாவற்றுக்கும் மேலே மாமியின் மூக்கு. முதல் நாள் வட்டம் கூடியபோது தற்செயலாக அவர் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். மாற்றிக் குந்தினால் கதைக்க வேண்டி வருமே என்று நானும் அப்படியே இருந்துவிட்டேன். அவருக்கு ஒரு பக்க மூக்கு அடைப்பு. மூச்சு விடும்போது மெல்லிய விசில் ஒன்று வரும். தொடக்கத்தில் அந்த விசிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மூச்சைப் பொத்தியவர் தன்னுடையதை மட்டும் விசில் அடித்துக்கொண்டு விடுகிறாரே என்று. ஆனால் காது என்ன செய்யும்? கேட்கிறதைக் கேட்கும். என் மூச்சு நின்றுபோகிற இடத்தில் அவருடைய விசில் கேட்கும். அது உள்ளே போய் வெளியே வரும். அதன் பின்னால் என்னுடையதும் கொஞ்சம் நகரும்.

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தியின் கை சோர்ந்தாலும் மற்றவளுடைய உலக்கை விழுகிற தாளம் அவளுடைய கையைத் தூக்கிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. இதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும்.

மற்றவர்களிடமும் மாற்றம் தெரிந்தது. பிள்ளைகளைத் தொட்டதற்கெல்லாம் அடிக்கிறவள் அடிப்பதற்கு முன் ஒரு மூச்சு எடுக்கப் பழகினாள். அந்த ஒரு மூச்சுக்குள் பிள்ளை ஓடிவிடும். நித்திரையே வராது என்றிருந்த ஒருத்தி கண்ணை மூடிக் குந்தியபடியே குறட்டை விட்டாள். மிஸ் அதையும் தப்பென்று சொல்லவில்லை. முடிவில் மணி அடித்த பிறகு, விரும்பியவர்கள் மனதில் வந்ததைச் சொல்லலாம். பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். கோழியைக் கூடையால் மூடினேனா என்று யோசித்தேன் என்பாள் ஒருத்தி. என்ட மகன் எங்க இரிக்கானோ என்பாள் இன்னொருத்தி. இரண்டையும் ஒரே மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பிறகு வீதி மூடப்பட்டு மிஸ் வர முடியாமல் போனது. போன தடவை மணியை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். இனி இந்தச் சங்கம் கலைந்துவிடும் என்று ஆண்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். வழக்கமாகக் கூடுகிற அன்று நான் போகவில்லை. முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. கக்கத்தில் பாய்களோடு அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள்.

"நீ வராட்டி நாங்க வாறம்" என்று சொல்லிவிட்டு, நெல் பானையைச் சுற்றி வட்டமாகப் பாய் விரித்தார்கள்.

"நெல் அடிப்பிடிச்சிரும் கா" என்றேன்.

"மணத்தால் தெரியும்தானே. மணம் வந்த மறுகா எழும்பி இறக்கு" என்றாள் கோழிக்காரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அடுப்புப் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். குந்தினேன். விறகு வெடித்தது. நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது. விசில் போய் வந்தது.

முடிவு மணிக்குப் பிறகு, அன்றுவரை ஒன்றும் சொல்லாத மாமி பேசினார். யாரையும் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"என்ட கையில இவள்ற மூச்சு சூடா இரிந்திச்சி. ஆமி போயிட்டு. போன மறுகாவும் நான் கைய எடுக்கல்ல. எடுத்தா இவள் அழுவாள், இவள் அழுதா நானும் அழுவன் எண்டு எடுக்கல்ல. என்ட மச்சாள்தானே செத்தது. இப்பவும் கை சுடுகுது."

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதி இல்லாவிட்டால் நான் என்னென்னவோ சொல்லியிருப்பேன். இத்தனை வருடமாக நெஞ்சில் அடுக்கி வைத்திருந்தேன். அந்தக் கைக்குப் பின்னால் இருந்தவரும் அழாமல்தான் இருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். அழுது முடித்து ஒரு மூச்சு எடுத்தேன். அது பாதியில் நிற்காமல் அடிவரை போனது. நெல் அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கருகல் சோற்றை ஒரு கிழமை தின்றோம். தங்கச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதன் பிறகு தங்கச்சியே நாள் வைக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு மூச்சு வந்திருந்தது, குரவை வரவில்லை. வரும் வரும் என்று அவள் கூறைச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

மாப்பிள்ளைக்கும் அவருடைய சொந்தக்காரர் சிலருக்கும் அந்த ஒரு பகலுக்கு மட்டும் பாஸ் கிடைத்தது. மாப்பிள்ளையின் தாய்க்குக் கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. தாய் இல்லாமலே வரச் சம்மதித்தார்கள். நல்ல நேரம் தவறினால் அன்றைய கலியாணம் இல்லை. இனியொரு நாளும் இல்லை என்பது போலத்தான் அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காலையில் துறைக்குப் போனோம். கச்சான் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அக்கரையை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. நிறைகுடம், ஆலாத்தித் தட்டு, பட்டுச்சேலைகள். கோயில் ஐயரின் மணி இடம்பெயர்வில் தொலைந்திருந்ததால், எங்கள் சங்கத்து மணியை இரவல் கேட்டிருந்தார். அது மாமியின் மடியில் இருந்தது. தூரத்தில் பெரிய தோணி தெரிந்தது. நடுவில் வெள்ளைக் குடை. தோணி வாவியின் நடுவுக்கு வந்திருக்கும், வடக்குப் பக்கம் வெடிகள் கேட்டன. ஒன்றல்ல, தொடர்ந்து.

ஆண்கள் கரையோரக் கண்ணாப் பற்றைப் புதர்களுக்குள் குனிந்தார்கள். தோணி நின்றது. சத்தம் அடங்கியது. நாங்கள் காத்திருந்தோம். தோணியின் முகம் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"திருப்பிறான்" என்றார் யாரோ.

ஒருவர் சால்வையை எடுத்து வீசப் போனார். பக்கத்தில் நின்றவர் பிடித்து இழுத்தார். அந்த நாட்களில் கரையிலிருந்து துணி வீசினால் வராதே என்று அர்த்தம். இன்னொருவர் கூப்பிட்டார். காற்றில் அது ஓலம் மாதிரித்தான் எனக்கே கேட்டது. துறையில் செத்த வீடு என்று தோணிக்காரர் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. ஒருத்தி குரவையைத் தொடங்கிப் பார்த்தாள். பயத்தில் குரல் உடைந்து அழுகையாக முடிந்தது. அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூச்சு பாதியில் நின்றுவிட்டது. வெடிச் சத்தம், கூட்டம், என்னைப் பார்க்கிற கண்கள், எல்லாம் ஒன்றாக வந்திருந்தன. தோணி முக்கால் பங்கு திரும்பிவிட்டது.

அப்போது மாமி பட்டுச்சேலையோடு ஈர மணலில் குந்தினார். மடியிலிருந்து மணியை எடுத்து அடித்தார். கோழிக்காரி குந்தினாள். பொங்கல் பானைக்காரி நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குந்தினாள். ஒவ்வொருத்தியாக அத்தனை பேரும் தங்கள் தங்கள் இடத்தில், பாலர் பாடசாலையில் இருக்கிற அதே வரிசையில் குந்தினார்கள். மாமிக்குப் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்தது.

"இந்த நேரத்திலயா குந்துறாளுகள்" என்று பற்றைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

குந்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தோணியையும் பார்க்கவில்லை. விசில் கேட்டது. போகிறது, வருகிறது. இடது பக்கம் ஒருத்தியின் மூச்சு நடுங்கிக்கொண்டு வந்தது, பிறகு நடுக்கம் குறைந்தது. எல்லோரும் பயந்துதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது என் பயம் எனக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் போனது. மாமியின் கை என் முதுகில் வந்து நின்றது. வாயில் அல்ல, முதுகில். மூச்சு பாதியைக் கடந்தது. நெஞ்சைக் கடந்தது. அடிவயிற்றில் போய் நிறைந்தது.

மாமி இரண்டாம் தரம் மணி அடித்தார்.

நான் எழும்பி நின்று குரவையிட்டேன்.

அது என் வாயிலிருந்து வந்தது என்று நம்புவதற்கு எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மாவின் குரவை அது. அதே ஏற்றம், அதே சுழற்சி. சங்கம் முழுக்க எழும்பி அதைப் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதமாக மணி அடித்தபோதெல்லாம் விழுங்கி விழுங்கி வைத்திருந்த குரவைகளெல்லாம் அன்று வெளியே வந்தன. காற்று அதை வாரிக்கொண்டு போனது. தோணி திரும்பிய இடத்தில் அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. மூச்சு தீர்ந்தபோது மற்றவர்கள் தாங்கினார்கள், அவர்கள் தளர்ந்தபோது நான் எடுத்தேன். வெள்ளைக் குடை அசைந்தது. தோணியின் முகம் எங்களை நோக்கித் திரும்பி வந்தது. பற்றைக்குள் இருந்த ஆண்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தார்கள்.

கரையில் தோணியைக் கட்டும்போது தோணிக்காரர் சொன்னார்: "திருப்பிட்டன். மறுகா குரவை கேட்டிச்சி. செத்த ஊட்டில ஆரும் குரவை போடமாட்டாங்கதானே. துறை நல்லா இரிக்கு எண்டு விளங்கிட்டு."

வீட்டுக்கு ஓடினேன். நான் வந்து குரவையிட்டால்தான் மணவறையில் குந்துவேன் என்று அடம்பிடித்தவள், நான் போய்ச் சேரும்போது கூறையோடு மணவறையில் குந்தியிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மாட குரவையவிட நீளம் அக்கா" என்றாள்.

மிஸ் பிறகு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னோம். மணி அடித்தால் குரவை போடக் கூடாது என்று எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்டுவிட்டு, முந்தானையைக் கண்ணுக்கு எடுத்தார்.

சில கிழமைகளுக்குப் பின், தங்கச்சியைப் பார்க்க எனக்கும் மாமிக்கும் பாஸ் கிடைத்தது. பெரியகல்லாற்றுத் துறையில் இறங்கும்போது ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் தாய். கலியாணத்துக்கு வர முடியாதவர்.

"தோணி திரும்பினத நான் இந்த இடத்தில நிண்டுதான் பாத்தன். என்ட புள்ளைக்கு என்னவோ எண்டு விழுந்திட்டன். மறுகா குரவை கேட்டிச்சி. நீயா புள்ள போட்டது?"

"ஓம் மாமி. இஞ்ச கேட்டிச்சா?"

"கேட்டிச்சி. நானும் இஞ்ச நிண்டு ஒண்டு போட்டன். தாய் போடாம எப்பிடி? ஒனக்குக் கேக்கல்லியா?"

எங்கே கேட்பது, காற்றுக்கு எதிராக, நாங்கள் போட்ட சத்தத்தில்? கேட்டது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கேக்கல்ல மாமி. இப்ப போடுங்க. கேப்பம்."

அவர் சுற்றிப் பார்த்தார். காவல் சென்றியில் ஆமிக்காரன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் மாமி மடிக்குள் கையை விட்டு மணியை எடுத்து அடித்தார். மாப்பிள்ளையின் தாய் கண்ணை மூடி, ஒரு மூச்சு எடுத்து, குரவையைத் தொடங்கினார். நானும் பிடித்துக்கொண்டேன்.